எண் சொல்லாத புள்ளி

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
லாரிகள் ரசீது நீட்டி எல்லை தாண்டும்.
மேலே போகிறவற்றுக்கு
நான்தான் சாவடி.
பால் சொசைட்டி மாடியில் ஓர் அறை,
மூன்று திரை, ஒரு வயர்லெஸ்,
கீழிருந்து ஏறிவரும் புளித்த பால் வாசம்.

நானூறு அடிக்குக் கீழே வானம்
சும்மா கிடக்கிறது என்பவர்கள்
ஒரு சாயங்காலம் என் நாற்காலியில் உட்காரட்டும்.
எலப்புள்ளி வயலுக்கு மருந்தடிக்கும் ஒன்று
பத்து லிட்டர் தொட்டியைச் சுமந்து
நிறைமாசக்காரி போல அசைந்து போகும்.
கல்யாண வீட்டு டிரோன்
பந்தலை மூன்று முறை சுற்றிவிட்டுப்
பக்கத்து வீட்டு மாடியையும் எட்டிப் பார்க்கும்.
மின்வாரியத்தினுடையது
கம்பியை விட்டு விலகாது.
எல்லாம் நொடிக்கொரு தரம்
எண், உயரம், வேகம்,
பறக்கவிட்டவர் நிற்குமிடம்
ஒப்பித்துக்கொண்டே இருக்கும்.
பேர் சொல்கிறவர்களோடு
எனக்கு வழக்கில்லை.

அன்றைக்கு ஆடிக் காற்று.
கணவாய் வழியே மேகம் தவழ்ந்து வந்தது.
திருச்சூரிலிருந்து கோயம்புத்தூருக்கு
பனிப்பெட்டியில் ஒரு கல்லீரலோடு
ஹெலிகாப்டர் கிளம்பியிருந்தது.
மேகம் தாழத் தாழ
அதுவும் தாழ்ந்தது.
ஆறு பத்துக்கு
ஒழலப்பதிக்கு மேலே ஒரு புள்ளி.
எண் இல்லை.
'பறவை, எழுபத்தொரு சதவீதம்'
என்றது இயந்திரம்.

பருந்து காற்றைத் தோளில் வாங்கிச் சரியும்,
நழுவும், மறுபடி ஏறும்.
இது ஆணியடித்தாற்போல் நின்றது.
இந்தக் காற்றில் ஒரே இடத்தில் நிற்க
பருந்துக்கு என்ன வேண்டுதலா?

"கொஞ்சம் மேலே ஏற முடியுமா?" என்றேன்.
"மேலே ஒண்ணும் தெரியல மேடம்."
வலது பக்கம் மலை.
இடது பக்கம் அந்தப் புள்ளி.
எட்டு நிமிஷம்.
அதை விழவைக்கும் பொத்தான்
என் மேசையில் கிடையாது.
பார்ப்பதற்குத்தான் சம்பளம்,
பார்த்ததைச் சொல்வதற்கும்.

சுனிலன் பைக்கில் பறந்தான்.
நான் மலையோரமாய்
ஒரு கோடு வரைந்து கொடுத்தேன்.
இரண்டு நிமிஷம் கூடுதல்.
இரண்டு நிமிஷம் ஒரு கல்லீரலுக்கு
எவ்வளவு என்று
யாரிடம் கேட்பது?

ஹெலிகாப்டர் திரையைக் கடந்து
கிழக்கே மறைந்த பிறகுதான்
வயர்லெஸ் கொரகொரத்தது:
"ஆளு கிட்டி."

சிக்கந்தர் ராவுத்தர்,
ஐந்து ஏக்கர், கடைமடை.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றிருக்கிறார்
மருமகன் பூட்டிக் கொடுத்த டிரோனோடு.
மூலத்தறையில் திறந்துவிட்ட தண்ணீர்
ஒன்பது நாளாய் வந்து சேரவில்லை.
வழியில் எவன் மடை திருப்புகிறான்
என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.
"நீங்க ஆகாசத்துக்குக் காவல்,
என் வாய்க்காலுக்கு யாருங்க?"
சுனிலன் போனை என்னிடம் கொடுத்தான்.
நான் பதிவெண்ணைப் பற்றிப் பேசினேன்.
அபராதம் எவ்வளவு என்றும் சொன்னேன்.
அவர் கேட்டதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

நோக்கம் என்ற இடத்தில்
'தண்ணீர்' என்று எழுதினேன்.
மேலதிகாரி அடித்துவிட்டு
'பொழுதுபோக்கு' என்று திருத்தினார்.

இயந்திரத்துக்கும் பாடம் சொன்னேன்:
அது பறவை அல்ல.
கேட்டுக்கொண்டது,
கொஞ்சம் அதிகமாகவே.
ஒரு வாரமாய்
இறைச்சிக்கடைக்கு மேல் வட்டமிடும்
பருந்துகளையெல்லாம்
சிவப்பாக்கி அலறுகிறது.
ஒவ்வொன்றாய்த் தொட்டு
'பறவை, பறவை' என்று விடுவிக்கிறேன்.

ஒழலப்பதிப் பக்கம் சிவந்தால் மட்டும்
விரலை நிறுத்தி
ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறேன்.
அசைகிறதா,
நிற்கிறதா.